பழைய டாரட் சீட்டுகளின் சின்னச் சின்ன விவரங்களைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டாரட் என்பது இன்று பலர் குறி பார்க்கப் பயன்படுத்தும் படச் சீட்டுக்கட்டு. அதன் பழைய கட்டுகளில் ஒன்றான விஸ்கொன்டி-ஸ்போர்ட்சா 1450-ஐ ஒட்டி இத்தாலியின் மிலன் பக்கம் வரையப்பட்டது. அதில் சிவப்பு உடை போட்ட ஒரு வித்தைக்காரன் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மேசை மேல் ஒரு கத்தி, ஒரு கோப்பை, காசுகள். அவன் கைக்குக் கீழே வெள்ளையாக, விளிம்பு சிலும்பிய ஒரு பொருள். அது என்ன? வைக்கோல் தொப்பி என்கிறார்கள் சிலர். மூடிவைத்த உணவுத் தட்டு என்கிறார்கள் வேறு சிலர். இணையத்தில் தேடினால் "அறியாமையின் திரை" என்று ஒரே வரியில் முடித்துவிடும் பதிலும் கிடைக்கும்.

அந்த ஒரே வரிப் பதில்தான் எனக்குப் பிரச்சினை. பழைய சீட்டில் புரியாத ஒன்றைப் பார்த்ததும் "இதன் அர்த்தம் என்ன" என்று கேட்பது இயல்பு. ஆனால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி வேறு: இந்தச் சீட்டைக் கையில் வைத்து விளையாடியவர் தன் ஊரில், தன் காலத்தில், இதே உருவத்தை வேறு எங்கே பார்த்திருப்பார்? இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகிறது.

படி 1: எந்தக் கட்டு, எந்தப் படம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

"பழைய டாரட்" என்று ஒரே ஒரு கட்டு இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் கையால் வரைந்த கட்டுகளில் மூன்று மிலன் பிரபுக் குடும்பத்தோடு தொடர்புடையவை. முதலாவது மேலே சொன்ன விஸ்கொன்டி-ஸ்போர்ட்சா. 78-இல் 74 சீட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் 35, பெர்காமோவின் அக்காதெமியா கர்ராராவில் 26, மீதி 13 கொல்லியோனி குடும்பத்திடம். இரண்டாவது, யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கே நூலகத்தில் இருக்கும் கேரி-யேல் கட்டு, 67 சீட்டுகள். மூன்றாவது மிலனின் பிரேரா கலைக்கூடத்தில் இருக்கும் பிரேரா-பிரம்பில்லா, 48 சீட்டுகள்.

இவை தவிர பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் 17 சீட்டுகள் உண்டு. பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லஸுக்காக வரைந்தவை என்று பழைய காலத்தில் நம்பியதால் "சார்லஸ் VI கட்டு" என்ற பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அவை மன்னர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இத்தாலியில் வரைந்தவை. அப்புறம் 1491-ஐச் சேர்ந்த சோலா புஸ்கா. இது செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டது. மரக்கட்டை அச்சில் வந்த, சீட்டுகளாக வெட்டப்படாத தாள்களும் உண்டு. அவற்றில் முக்கியமானது யேலில் இருக்கும் கேரி தாள்.

பெரும்பாலானவற்றை அந்தந்த நூலகத்தின் இணையதளத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். பிரான்ஸ் தேசிய நூலகத்துக்கு காலிகா என்ற தளம் இருக்கிறது. அங்கே போய்ப் பாருங்கள். பின்டரெஸ்ட் படத்தை வைத்து ஆராய்ச்சி செய்ய வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. விஸ்கொன்டி-ஸ்போர்ட்சா கட்டில் சாத்தான், கோபுரம், வாள் 3, காசுக் குதிரைவீரன் ஆகிய நான்கும் கிடைக்கவில்லை. இன்று கடையில் விற்கும் மறுபதிப்புகளில் அந்த நான்கும் இருக்கும். எல்லாம் நம் காலத்து ஓவியர்கள் வரைந்து சேர்த்தவை. "விஸ்கொன்டி சாத்தானின் கொம்பு எதைக் குறிக்கிறது" என்று பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் அந்தப் புது ஓவியரின் கற்பனையைத்தான் விளக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

படி 2: படத்துக்கு முன் பொருளைப் பாருங்கள்

விஸ்கொன்டி-ஸ்போர்ட்சா சீட்டு ஒன்று ஏறத்தாழ 17 செ.மீ. உயரம், 8.7 செ.மீ. அகலம். தங்க இலை ஒட்டிய பின்னணியில் சிறு முனைகளால் குத்திக் குத்தி வடிவம் போட்டிருக்கிறார்கள். சீட்டின் மேல் விளிம்பருகே ஒரு சிறு ஓட்டை தெரியும். அதற்கு ரகசிய அர்த்தம் எதுவும் இல்லை; பிற்பாடு யாரோ ஆணியடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்பதுதான் பொருத்தமான விளக்கம்.

இன்னொன்றும் கண்ணில் படும். இந்தக் கட்டின் பெரும்பகுதியைக் கிரெமோனாவைச் சேர்ந்த போனிஃபாச்சோ பெம்போ என்ற ஓவியரின் பட்டறையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் வலிமை, மிதம், நட்சத்திரம், நிலா, சூரியன், உலகம் ஆகிய ஆறு சீட்டுகளில் முகமும் உடல்வாகும் நிலக்காட்சியும் வேறு மாதிரி இருக்கின்றன. அவை வேறொரு ஓவியர் பின்னர் வரைந்து சேர்த்தவை. அதனால் நட்சத்திரச் சீட்டில் ஒரு விவரத்தையும் காதல் சீட்டில் ஒரு விவரத்தையும் எடுத்து "ஓவியர் இங்கே ஒரு நூலிழையை ஓடவிடுகிறார்" என்று சொன்னால் அது நிற்காது. ஓவியர் ஒருவர் இல்லை.

படி 3: இது விளையாட்டுக்குச் செய்தது என்பதை மறக்காதீர்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஐரோப்பாவுக்குச் சீட்டு வந்தது 1370-களில், எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் உலகத்திலிருந்து. கோப்பை, காசு, வாள், தடி என்ற நான்கு வகைகளும் அங்கிருந்து வந்தவைதான். மம்லூக் கட்டில் தடி என்பது போலோ மட்டை. போலோ ஆடாத இத்தாலியர்கள் கையில் அது வெறும் கோலாக மாறிவிட்டது. இத்தாலியச் சீட்டுகள் பலவற்றில் வாள்கள் ஏன் வளைந்திருக்கின்றன என்று யோசிப்பவர்கள், இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் இருக்கும் மம்லூக் சீட்டுகளை ஒருமுறை பார்த்தால் போதும்.

இந்த நான்கு வகைகளோடு துருப்புச் சீட்டுகளாகப் படங்களைச் சேர்த்ததுதான் இத்தாலியர்கள் செய்த புதுமை. கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு 1440 செப்டம்பரில், ஃப்ளாரன்ஸில், ஜூஸ்தோ ஜூஸ்தி என்ற நோட்டரி எழுதிய நாட்குறிப்பு. ரிமினி நகரத்தின் பிரபு சிஜிஸ்மொண்டோ மலடெஸ்டாவுக்கு அவர் ஒரு கட்டு கொடுத்திருக்கிறார். எகிப்திய ஞானம் சீட்டில் ஒளிந்திருக்கிறது என்ற கதையை அச்சில் பரப்பியவர் பிரான்ஸின் கூர் டி ஜெபெலின், 1781-இல். இடையில் ஏறக்குறைய 340 வருடம் இருக்கிறது. எனவே 1781-க்குப் பிறகு பிறந்த எந்த விளக்கத்தையும் 1450-இன் ஓவியர் மனதுக்குள் திணிக்க முடியாது. இன்று குறி பார்க்க டாரட்டைப் பயன்படுத்துபவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. அது வேறு பயன்பாடு, அதற்கென்று தனி வரலாறு உண்டு.

படி 4: குடும்பச் சின்னங்களை முதலில் பிரித்தெடுங்கள்

உடைகளில், கூடாரத் துணியில், குதிரையின் போர்வையில் திரும்பத் திரும்ப வரும் வடிவங்கள் பெரும்பாலும் குடும்ப முத்திரைகள். மனிதனை விழுங்கும் பாம்பு விஸ்கொன்டி குடும்பத்தினுடையது. கதிர்விடும் சூரியனும் புறாவும் அவர்களுடையவை. ஓலைகள் செருகிய கிரீடமும் அப்படித்தான். ஒன்றோடொன்று கோத்த மூன்று வைர மோதிரங்கள் ஸ்போர்ட்சா அடையாளம். பேரரசர், பேரரசி உடைகளில் பாருங்கள். மூன்று மோதிரம் என்றதும் மும்மூர்த்திக்கோ உடல்-மனம்-ஆன்மாவுக்கோ ஓட வேண்டாம். வேலைப் பார்த்ததும் முருகன் என்று நமக்குத் தெரிவதுபோல, மோதிரத்தைப் பார்த்ததும் யார் வீட்டுச் சொத்து என்று மிலன்காரருக்குத் தெரிந்திருக்கும்.

முத்திரைகள் எவ்வளவு தூரம் அழைத்துப்போகும், எங்கே கைவிடும் என்பதற்கு கேரி-யேல் கட்டின் காதல் சீட்டைவிட நல்ல பாடம் இல்லை. ஓர் ஆணும் பெண்ணும் கூடாரத்தின் கீழே கைகோத்து நிற்கிறார்கள். மேலே கண்ணைக் கட்டிய மன்மதன். காலடியில் ஒரு சிறிய வெள்ளை நாய். கூடாரத்தின் விளிம்பைச் சுற்றிக் குட்டிக் கேடயங்கள், இரண்டு வகை மாறி மாறி: ஒன்றில் விஸ்கொன்டி பாம்பு, மற்றதில் சிவப்புப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை.

வெள்ளைச் சிலுவை, ஆல்ப்ஸ் மலைப் பக்கத்தை ஆண்ட சவோய் குடும்பத்தினுடையது. மிலன் பிரபு ஃபிலிப்போ மரியா விஸ்கொன்டி 1428-இல் சவோயின் மரியாவை மணந்தார். அப்படியானால் இது அந்தக் கல்யாணம், கட்டும் 1428-ஐச் சேர்ந்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது. இதை ஏற்றால் டாரட் வரலாறே ஒரு டஜன் வருடம் முன்னால் போய்விடும். ஆனால் சிவப்பில் வெள்ளைச் சிலுவை பாவியா நகரத்தின் சின்னமும்கூட; பாவியா விஸ்கொன்டிகளின் ஊர். அப்படிப் பார்த்தால் கேடயங்கள் ஒரு கல்யாணத்தைச் சொல்லவில்லை, ஆட்சிப் பரப்பைச் சொல்கின்றன. படத்தில் இருப்பவர்கள் 1441-இல் கிரெமோனாவில் மணந்த பிரான்செஸ்கோ ஸ்போர்ட்சாவும், ஃபிலிப்போ மரியாவின் மகள் பியாங்கா மரியாவுமாக இருக்கலாம்.

எது சரி? கேடயத்தை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் முடிவு வராது. அதே கட்டின் காசுச் சீட்டுகளுக்குப் போங்கள். அங்கே காசுகளை வரையவில்லை. ஃபிலிப்போ மரியாவின் தங்க நாணய அச்சையே பதித்திருக்கிறார்கள். அவர் பிரபுவாக இருந்தது 1412 முதல் 1447 வரை. ஆக மேல் எல்லை 1447. கீழ் எல்லைக்கு நாணயம் உதவாது, 1428 இன்னும் சாத்தியமே. ஆனால் துருப்புக் கட்டு பற்றிய குறிப்புகள் 1440-இலிருந்துதான் தொடங்குகின்றன என்பதை வைத்து, நான் 1440-களின் பக்கம் சாய்கிறேன். ஒரு விவரத்தை இன்னொரு விவரத்தால்தான் சோதிக்க முடியும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

படி 5: அதே காலத்து வேறு படங்களோடு ஒப்பிடுங்கள்

மொத்த வேலையிலும் இதுதான் உயிர்நாடி. நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

தொங்கும் மனிதனை எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் காலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்பட்ட இளைஞன். இன்றைய விளக்கங்களில் அவன் ஞானத்துக்காகத் தன்னையே ஒப்புக்கொடுத்தவன், தியானி. ஆனால் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியருக்கு அந்தத் தோற்றம் நன்றாகத் தெரிந்த ஒன்று: துரோகி. ஓடிப்போன துரோகியையோ கடன் ஏமாற்றியவனையோ பிடிக்க முடியாவிட்டால், அவனைத் தலைகீழாகத் தொங்குவதுபோல் பொதுச் சுவரில் வரைந்து மானத்தை வாங்குவது வட, மத்திய இத்தாலிய நகரங்களின் வழக்கம். 1440-இல் ஃப்ளாரன்ஸில் ஓவியர் ஆண்ட்ரியா டெல் கஸ்தாஞோ கலகக்காரர்களை இப்படி வரைந்து, "தூக்கிலிட்டவர்களின் ஆண்ட்ரியா" என்ற பட்டப்பெயரே வாங்கினார். ஜூஸ்தியின் நாட்குறிப்பில் சீட்டுக்கட்டு வருவதும் அதே ஊர், அதே வருடம் என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் நெருக்கமான ஒன்று: பிரான்செஸ்கோ ஸ்போர்ட்சாவின் தந்தை முட்சியோ அட்டென்டோலோ ஸ்போர்ட்சாவையே 1412-இல் போட்டிப் போப் 23-ஆம் ஜான் துரோகி என்று ரோமில் காலில் தொங்குவதாக வரையவைத்தார். சார்லஸ் VI கட்டுக்குப் போனால் தொங்குபவன் இரண்டு கைகளிலும் பணப்பைகளைப் பிடித்திருக்கிறான். பணத்துக்காகக் காட்டிக்கொடுத்தவன் என்றால் கிறிஸ்தவ உலகத்தில் யூதாஸ் நினைவு வராமல் இருக்காது. பழைய பட்டியல்கள் சிலவற்றில் இந்தச் சீட்டின் பெயரே "துரோகி" என்றுதான் இருக்கிறது. சுவர், சீட்டு, பட்டியல் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டும்போது தயங்காமல் முடிவுக்கு வரலாம்.

முட்டாள் சீட்டிலும் இதே வழி. கிழிந்த உடை, தோளில் தடி, தலைமுடியில் செருகிய இறகுகள். பதுவாவின் ஸ்க்ரோவெக்னி தேவாலயத்தில் ஓவியர் ஜியோத்தோ 1305 வாக்கில் வரைந்த மடமையின் உருவத்தைப் பாருங்கள்: தலையில் இறகு, கையில் தடி. இறகுகளை எண்ணி ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்லும் முன், அவை புத்தி பிசகியவனைக் காட்டும் வழக்கமான அடையாளம் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெண் போப் என்ற சீட்டு கொஞ்சம் கடினம். விஸ்கொன்டி-ஸ்போர்ட்சாவில் அவள் பழுப்பு நிறத் துறவி உடையில், தலையில் மூன்றடுக்குப் போப் கிரீடம், ஒரு கையில் சிலுவைக்கோல், மற்றதில் புத்தகம். மிலனில் குலியெல்மா என்ற பெண்ணை வணங்கிய ஒரு குழுவினர், மைஃப்ரெடா என்ற கன்னியாஸ்திரியைப் போப்பாக எதிர்பார்த்தார்கள்; அவளை 1300-இல் எரித்தார்கள். அவள் விஸ்கொன்டிகளுக்கு உறவும்கூட. டாரட் ஆய்வாளர் கெர்ட்ரூட் மோக்லி 1966-இல் வெளியிட்ட நூலில் சீட்டில் இருப்பது இவள்தான் என்றார். கேட்க அருமையான கதை. ஆனாலும் எனக்கு இது முழுதாக ஒட்டவில்லை. 150 வருடம் முன்பு மதத் தண்டனை பெற்ற உறவினரை, புதிதாக ஆட்சியைப் பிடித்த ஸ்போர்ட்சா வீட்டுச் சீட்டில் தங்கத்தில் வரைவதற்கான காரணம் தெரியவில்லை. ஜியோத்தோவின் விசுவாசம் என்ற பெண்ணுருவமும் சிலுவைக்கோலோடுதான் நிற்கிறது. அது எல்லாரும் பார்க்கும் சுவரில் இருந்தது. திருச்சபையையோ விசுவாசத்தையோ பெண்ணாக வரையும் மரபிலிருந்து இந்தச் சீட்டு வந்தது என்பது எனக்கு வலுவான ஊகமாகப் படுகிறது. துறவி உடையை மட்டும் அந்த ஊகம் சரியாக விளக்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படி 6: ஒரே சீட்டைப் பல கட்டுகளில் வரிசையாக வையுங்கள்

விஸ்கொன்டி-ஸ்போர்ட்சாவில் முனிவர் கையில் இருப்பது விளக்கு அல்ல, மணற்கடிகாரம். பழைய பெயர்களில் அவர் "கிழவன்", "காலம்". பிறகு பிரான்ஸில் அச்சில் பரவிய மார்செய் வகைக் கட்டுகளில் அதே கை விளக்கைப் பிடித்திருக்கிறது. கரடுமுரடான மரக்கட்டை அச்சில் சட்டத்துக்குள் இருக்கும் கண்ணாடிப் பாத்திரம் விளக்காகத் தெரிய அதிக தூரம் இல்லை. பிரதியெடுத்தவர் தனக்குத் தெரிந்ததை வரைந்திருப்பார் என்று நினைக்கிறேன். "உள்ளொளியைத் தேடும் விளக்கு" என்ற விளக்கம் அதற்குப் பிறகு முளைத்தது.

நிலாச் சீட்டின் நண்டுவகைப் பிராணியும் இப்படித்தான். விஸ்கொன்டி-ஸ்போர்ட்சாவில் ஒரு பெண் பிறையைக் கையில் பிடித்திருக்கிறாள், அவ்வளவுதான். சார்லஸ் VI கட்டில் வானத்தை அளக்கும் இரண்டு சோதிடர்கள். 1500-ஐ ஒட்டிய கேரி தாளில்தான் குளத்துக்குள் பிராணி வருகிறது. நிலாவின் வீடு கடக ராசி என்பது அன்றைய சோதிடத்தின் அரிச்சுவடி, நம் பஞ்சாங்கத்திலும் அதே கணக்குதான். ஆகவே கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: இந்த விவரம் எந்தக் கட்டில் முதலில் தலைகாட்டுகிறது? அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது?

படி 7: எழுத்தைக் கண்டால் முதலில் வியாபாரத்தை நினையுங்கள்

கையால் வரைந்த ஆரம்பகாலச் சீட்டுகளில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. ஆடியவர்கள் வரிசையை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். வரிசையே ஊருக்கு ஊர் மாறியது. சார்லஸ் VI சீட்டுகளில் தெரியும் எண்கள் பிற்பாடு யாரோ எழுதியவை. அதனால் எண்கணித விளக்கங்களை ஒதுக்கிவிடலாம்.

அச்சுக் கட்டுகளில் எழுத்துகள் நிறைய. 1700-களின் தொடக்கத்தில் லியோனில் ஜான் டோடால் அச்சிட்ட சீட்டுகளில் எஃப், பி என்ற எழுத்துகளும் கூடவே ஒரு சொல்லும் வரும். ரகசியச் சங்கத்தின் குறியீடு மாதிரி இருக்கும். "வெளிநாட்டுக்காகத் தயாரித்தது" என்பதன் சுருக்கமாகவே அதைப் படிக்கிறார்கள், ஏற்றுமதிச் சரக்கு. மார்செயின் நிக்கோலா கொன்வேர் காசு 2-இல் தன் பெயரையும் 1760 என்ற வருடத்தையும் போட்டிருக்கிறார்.

சோலா புஸ்காவில் இன்னும் சுவாரசியம். ஒரு துருப்புச் சீட்டில் "நகரம் நிறுவப்பட்டதிலிருந்து 1070-ஆம் ஆண்டு" என்று லத்தீனில் இருக்கிறது. ரோமை நினைத்துக் கணக்குப் போட்டால் டாரட் பிறக்காத காலத்துக்குப் போய்விடுவோம். வெனிஸ் தன் பிறப்பை கி.பி. 421 என்று சொல்லிக்கொண்டது. 421-உடன் 1070-ஐக் கூட்டுங்கள்: 1491. அந்த வரி கட்டின் வயதோடு, அது எந்த நகரத்தைச் சேர்ந்தவர் கைக்குப் போனது என்பதையும் காட்டிவிடுகிறது.

சில எழுத்துகள் உண்மையிலேயே படத்தின் பொருளைச் சொல்லும். விஸ்கொன்டி-ஸ்போர்ட்சாவின் அதிர்ஷ்டச் சக்கரத்தில் நான்கு பேருக்கும் வாசகம் உண்டு. ஏறுபவன் "ஆள்வேன்", உச்சியில் இருப்பவன் "ஆள்கிறேன்", இறங்குபவன் "ஆண்டேன்", அடியில் கிடக்கும் கிழவர் "ஆட்சி இல்லாமல் இருக்கிறேன்". இப்போது பெரிதாக்கிப் பாருங்கள். ஏறுபவனுக்கும் உச்சியில் இருப்பவனுக்கும் கழுதைக் காது. இறங்குபவனுக்கு வால். கிழவருக்கு மட்டும் காதும் இல்லை, வாலும் இல்லை. அதிகாரத்தின் மேல் ஆசை வைத்தவன் கழுதையாகிறான், இழந்தவன்தான் மனிதனாக மிஞ்சுகிறான். ஒரு பிரபுவின் வீட்டுக்குச் செய்த சீட்டில் இதை வரைந்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

படி 8: உறுதியின் அளவைக் குறித்து வையுங்கள்

ஒவ்வொரு விவரத்துக்கும் நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: கண்ணுக்குத் தெரிவது, அதே காலத்து ஒப்புமை, உங்கள் ஊகம். கண்ணுக்குத் தெரிவதை எழுதும்போது பெயர் சூட்ட வேண்டாம். "தொப்பி" என்று எழுதியவுடன் மூளை வேறு எதையும் பார்க்காது. "வெள்ளை நிறம், சிலும்பிய விளிம்பு, உள்ளங்கை அகலம், மேல் பக்கம் குவிந்தது" என்று எழுதுங்கள். நடுப்பத்தி காலியாக இருந்தால் மூன்றாவதை பென்சிலில் மட்டும் எழுதுங்கள். வித்தைக்காரனின் மேசைக்கு என் நோட்டில் நடுப்பத்தியில் கோப்பை, கத்தி, காசு எல்லாவற்றுக்கும் ஒப்புமை இருக்கிறது. சந்தையில் கோப்பை வித்தை காட்டுபவர்களின் படங்கள் அந்த நூற்றாண்டில் உண்டு. அந்த வெள்ளைப் பொருளுக்கு மட்டும் திருப்தியான ஒன்று கிடைக்கவில்லை. ஆகவே அது பென்சிலில்தான் இருக்கிறது.

பழகிப் பார்க்க விரும்பினால் கேரி-யேல் கட்டின் நம்பிக்கைச் சீட்டில் தொடங்குங்கள். அந்தப் பெண்ணின் காலடியில் கழுத்தில் கயிற்றோடு ஒருவன் குனிந்து கிடக்கிறான். நம்பிக்கையின் கீழே அவனுக்கு என்ன வேலை என்பதைத் தொங்கும் மனிதனோடு சேர்த்து வைத்துத் தேடிப் பாருங்கள். எட்டு படிகளில் ஐந்தாவது அதில்தான் அதிகம் வேலை செய்யும்.